கொசுப்புழுவும் சோயா மாவும்: புதுச்சேரியில் ஒரு ஆராய்ச்சி

புதுச்சேரியில் கொசுவைத் திட்டாத ஆளே கிடையாது. பெரிய வாய்க்கால் ஓரம் ஒரு சாயங்காலம் நின்றால் போதும், ஏன் என்று புரியும். ஆனால் அந்தக் கொசுவை ஆராய்வதற்கென்றே இந்த ஊரில் ஒரு நிலையம் இருப்பது உள்ளூர்க்காரர்கள் பலருக்கே தெரியாது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1975-ல் தொடங்கிய இந்த மையத்தை விசிஆர்சி என்பார்கள். இந்திரா நகரில் இருக்கிறது. முதல் இயக்குநர் பி.கே.ராஜகோபாலன். அன்று ஊரின் பெரிய கவலை யானைக்கால் நோய். 1981 முதல் 1985 வரை, மருந்தடிப்பதை மட்டும் நம்பாமல், தண்ணீர் தேங்கும் இடங்களைச் சரிசெய்வது, புழு தின்னும் மீன்களை விடுவது என்று நகரம் முழுக்க ஒரு திட்டம் நடத்தினார்கள்.

இதற்கு நடுவே, 1976-ல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் பி.டி.ஐ. என்ற பாக்டீரியா கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. இது வித்து உருவாக்கும்போது கூடவே ஒரு புரதப் படிகத்தையும் செய்கிறது. கொசுப்புழு அதைத் தின்றால், அதன் குடலில் இருக்கும் காரத்தன்மையில் படிகம் கரைந்து நஞ்சாகிறது. குடல் சுவர் உடைந்து புழு செத்துப்போகிறது. நம் வயிற்றில் இருப்பது அமிலம், அதனால் பயமில்லை.

விசிஆர்சியும் பி-17 என்ற தன் சொந்த பி.டி.ஐ. வகையை எடுத்து வேலையைத் தொடங்கியது. உயிர்வேதிப் பொறியியல் உள்ளே வருவது இங்கேதான். சோதனைக்குழாயில் வளர்வது பெரிய ஃபெர்மென்டரில் அப்படியே வளராது. காற்று போதாது, நுரை பொங்கும், சூடு ஏறும். இதையெல்லாம் சமாளித்தாலும் செலவு இடிக்கும். ஆய்வகத்தில் போடும் தீனியை டன் கணக்கில் வாங்கினால் எந்த நகராட்சியாலும் அந்த மருந்தை வாங்க முடியாது. ஆகவே சோயா மாவு மாதிரி மலிவான பொருளில் வளர்த்துப் பார்த்தார்கள், வளர்ந்தது. பிறகு தொழில்நுட்பம் நிறுவனங்களுக்குப் போனது. (அடக்கவிலைக் கணக்கு வணிகவியலுக்கு மட்டும் சொந்தமில்லை போலிருக்கிறது!)

எல்லாமே வெற்றி என்று சொல்லிவிட முடியாது. சாக்கடைத் தண்ணீரில் நன்றாக வேலை செய்யும் இன்னொரு பாக்டீரியா, பேசில்லஸ் ஸ்ஃபேரிகஸ். கொச்சியில் இதை இரண்டு வருடம் தொடர்ந்து தெளித்ததில் அங்கிருந்த கொசுக்கள் எதிர்ப்புசக்தி பெற்றுவிட்டன. 1995-ல் இது ஆய்வுக் கட்டுரையாகவும் வந்தது. தோல்வியை மறைக்காமல் எழுதியது பெரிய விஷயம். பி.டி.ஐ.யில் பல நஞ்சுகள் சேர்ந்து இருப்பதால் கொசு அவ்வளவு சுலபமாகத் தப்புவதில்லை.

இந்த மாதிரி வேலையில் முனைவர் பட்டம் வாங்க நினைப்பவர்களுக்கு விசிஆர்சி ஒரு வழி. பட்டம் தருவது 1985-ல் தொடங்கிய புதுவைப் பல்கலைக்கழகம். முதுகலையில் நல்ல மதிப்பெண் வேண்டும், ஜே.ஆர்.எஃப். தேர்வில் தேறினால் உதவித்தொகையும் உண்டு. 2023 ஜனவரியில் அது மாதம் 37,000 ரூபாயாக உயர்ந்தது. வழிகாட்டியாக வரக்கூடியவரின் கட்டுரைகளைப் படிக்காமல் விண்ணப்பம் எழுதுகிறவர்கள்தான் அதிகம். உள்ளே போனபிறகு தெரியும், புழு வளர்க்கும் தட்டுகளுக்கு ஞாயிற்றுக்கிழமையும் தீனி போட வேண்டும் என்று.