கார்னெல் பல்கலைக்கழகமும் விஸ்கான்சின் பைன் காடும்



பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததும் வீட்டில் வரும் முதல் கேள்வி, "உதவித்தொகை கிடைக்குமா, இல்ல கடன் வாங்கணுமா?" என்பதுதான். அந்த உதவித்தொகைக்குப் பின்னால் ஒரு சொத்து இருக்கும், அதை விற்பதா வைத்திருப்பதா என்று முடிவு செய்யும் ஒரு குழுவும் இருக்கும். அந்தப் பக்கத்தை நாம் அதிகம் பார்ப்பதில்லை. நியூயார்க் மாநிலத்தின் கார்னெல் பல்கலைக்கழகக் கதையை எடுத்துக்கொண்டால் அது நன்றாகவே புரியும்.

1862ஆம் ஆண்டு, உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, அதிபர் லிங்கன் மொரில் சட்டத்தில் கையெழுத்திட்டார். விவசாயமும் பொறியியலும் கற்பிக்கும் கல்லூரிகளுக்காக, ஒவ்வொரு மாநிலத்துக்கும் அதன் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கு 30,000 ஏக்கர் என்ற கணக்கில் நிலம். நிபந்தனைகளைக் கவனியுங்கள். நிலம் விற்ற முதலைத் தொடக்கூடாது, வட்டியை மட்டுமே செலவிடலாம். கட்டடம் கட்ட அந்தப் பணத்தைப் பயன்படுத்தக்கூடாது. சோதனைப் பண்ணை நிலம் வாங்க மட்டும் பத்தில் ஒரு பங்கு வரை எடுக்கலாம்.

நியூயார்க்குக்குக் கிடைத்தது 989,920 ஏக்கர். ஆனால் அந்த மாநிலத்துக்குள் கூட்டரசு நிலம் இல்லை. ஆகவே நிலத்துக்குப் பதிலாக நிலச்சீட்டு கொடுத்தார்கள். எல்லா மாநிலங்களும் ஒரே நேரத்தில் சீட்டை விற்கக் கிளம்பியதால் விலை சரிந்தது. ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பங்கான 120,000 ஏக்கர் வெறும் 50,000 டாலருக்குப் போனது. ஏக்கருக்கு 42 காசுதான்!

இங்கேதான் எஸ்ரா கார்னெல் வருகிறார். தந்தித் தொழிலில் பணம் சேர்த்தவர். பல்கலைக்கழகத்துக்கு 500,000 டாலரும் இதாக்கா நகர மேட்டில் இருந்த தன் பண்ணை நிலமும் கொடுத்தார். மாநிலத்தின் சீட்டுகளில் பெரும்பகுதியைத் தானே வாங்கி, விஸ்கான்சினில் சுமார் 5 லட்சம் ஏக்கர் பைன் காட்டைத் தேர்ந்தெடுத்தார். விலை ஏறியபின் விற்று, லாபத்தைப் பல்கலைக்கழகத்துக்கே தருவது அவர் திட்டம். நம் ஊர்த் தோட்டங்களில் பால்மரத்தை நட்டுவிட்டு ஐந்தாறு வருஷம் காத்திருப்பார்களே, அந்தப் பொறுமை.

ஆனால் காத்திருப்பதற்கும் காசு வேண்டும். விஸ்கான்சின் ஊராட்சிகள் ஆண்டுதோறும் நிலவரி கேட்டன. 1874இல் நிலப்பொறுப்பு பல்கலைக்கழகத்துக்கு மாறியது. அதே ஆண்டு கார்னெல் இறந்தார். வரிச்சுமை முழுவதும் அறங்காவலர் குழுவின் தலையில்.

இதற்கிடையே மாணவர்களுக்குக் கொடுத்த வாக்கும் இருந்தது. 1865ஆம் ஆண்டுச் சாசனப்படி, மாநிலச் சட்டமன்றத் தொகுதி ஒவ்வொன்றிலிருந்தும் ஆண்டுக்கு ஒரு மாணவருக்குப் படிப்புக் கட்டணம் இல்லை. தொகுதிகள் 128. நான்கு வருஷப் படிப்பு என்றால் ஒரே சமயத்தில் 512 இலவச இடங்கள். 1868இல் சேர்ந்த முதல் அணியே 412 பேர்தான், அப்படின்னா இந்த வாக்கு எவ்வளவு பெரியது என்று நீங்களே பாருங்கள். ஒரு பக்கம் வரி, மறுபக்கம் சம்பளம், நடுவில் கட்டணம் செலுத்தாத மாணவர்கள்.

சுமார் 1880இல், மீதிக் காட்டின் பெரும்பகுதியை 1.25 மில்லியன் டாலருக்குக் கொடுத்துவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. அந்த விற்பனை கைகூடவில்லை. குழுத் தலைவர் ஹென்றி சேஜ் மரவியாபாரி. பைன் விலை எங்கே போகும் என்று தெரிந்தவர். அவர் வைத்திருந்து விற்கும் வழியில் நின்றார். கடைசியில் அந்தக் காட்டிலிருந்து கிடைத்த நிகர லாபம் சுமார் 5 மில்லியன் டாலர். மரவியாபாரி ஒருவர் காட்டு விற்பனையை நடத்துவது சரியா என்று நீங்கள் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். ஆனாலும் அந்த அறிவு குழுவில் இல்லாதிருந்தால் கார்னெலும் ரோட் ஐலண்ட் வழியில் போயிருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பணம் சேர்ந்ததே ஒரு வம்பையும் கொண்டுவந்தது. சாசனம் பல்கலைக்கழகத்தின் சொத்துக்கு 3 மில்லியன் டாலர் என்று வரம்பு வைத்திருந்தது. 1881இல் இறந்த ஜென்னி மெக்ரா ஃபிஸ்க் நூலகத்துக்காகப் பெரும் சொத்தை எழுதிவைத்தார். வரம்பைத் தாண்டிவிட்டதால் அதை வாங்க முடியாது என்று அவர் கணவரே வழக்குப் போட்டார். 1890இல் உச்சநீதிமன்றமும் அப்படியே தீர்ப்பளித்தது. குழு தன் சாசனத்தைச் சரியான நேரத்தில் திருத்தாமல் விட்டதற்குக் கொடுத்த விலை. நூலகத்தைப் பிறகு சேஜ் தன் பணத்தில் கட்டிக்கொடுத்தார்.

விற்கும் நிலத்தில் ஜெயித்தவர்கள் ஆராய்ச்சி நிலத்தில் சறுக்கினார்கள். 1898இல் மாநில அரசு கார்னெலில் வனவியல் கல்லூரி தொடங்கி, அடிரோண்டாக் மலையில் 30,000 ஏக்கர் காட்டையும் கொடுத்தது. இயக்குநர் பெர்னார்ட் ஃபெர்னோ பழைய மரங்களை வெட்டி, புதிய கன்று நட்டு, காடு வளர்ப்பை நேரில் கற்பிக்க நினைத்தார். வெட்டிய மரம் பீப்பாய் செய்யும் ஒரு நிறுவனத்துக்குப் போனது. பக்கத்தில் உல்லாச வீடு வைத்திருந்த பணக்காரர்களுக்கு மொட்டைக் காட்டைப் பார்க்கச் சகிக்கவில்லை. 1903இல் ஆளுநர் ஒடெல் நிதியை நிறுத்தினார், கல்லூரி மூடப்பட்டது. வழியில் நின்றது படித்துக்கொண்டிருந்த மாணவர்கள்தான்.

தேர்வு எழுதுபவர்களுக்கு ஒரு வார்த்தை. மொரில் சட்டத்தை "அரசு இலவசமாகக் கொடுத்த நிலம்" என்று மட்டும் எழுதினால் பாதி விடைதான். விஸ்கான்சினின் அந்தப் பைன் காட்டுப் பகுதி ஓஜிப்வே மக்களுடையது; 1837ஆம் ஆண்டு ஒப்பந்தம் வழியாக அரசுக்குப் போனது. மொரில் சட்டத்தில் பங்கிடப்பட்ட ஏறத்தாழ 10.7 மில்லியன் ஏக்கர், 250க்கு நெருக்கமான பழங்குடிகளிடமிருந்து வந்தது என்று 2020இல் வெளியான ஒரு பத்திரிகை ஆய்வு கணக்கிட்டது. கார்னெல் சாசனத்தின் இலவச இடங்கள் நியூயார்க்கின் 128 தொகுதிகளுக்கு. ஓஜிப்வே பிள்ளைகளுக்கென்று அதில் ஒரு இடம்கூட ஒதுக்கப்படவில்லை.