சேலம் தந்த ‘காடு’

எலவனாசூர்கோட்டையிலிருந்து கள்ளக்குறிச்சி, ஆத்தூர் வழியாக மேற்கே செல்லும் சாலை சேலத்தை அடைகிறது. அச்சாலையின் வடபுறத்தே கல்வராயன் மலைத்தொடர் நீண்டு கிடக்கிறது. சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையோரம் நிற்கும் நுழைவு வளைவு, திருச்செங்கோட்டில் பிறந்த டி. ஆர். சுந்தரம் 1930களில் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் படநிலையத்தின் நினைவுச் சின்னமாகும். நூற்றுக்கு மேற்பட்ட படங்களை அளித்த அந்நிலையம், 1952இல் அமெரிக்கருடன் கூட்டாக ஒரு காட்டுச் சாகசப் படத்தை உருவாக்கியது. தமிழில் ‘காடு’ என்றும் ஆங்கிலத்தில் ‘தி ஜங்கிள்’ என்றும் அது வெளிவந்தது.

இயக்கியவர் வில்லியம் பெர்க். எழுதியவர் டார்ஜான் படங்களுக்குக் கதை தந்த கரோல் யங். ராட் காமரான், சீசர் ரொமேரோ, மேரி வின்ட்சர் ஆகியோருடன் எம். என். நம்பியாரும் சுலோச்சனாவும் நடித்தனர். அமெரிக்காவில் இதனை வெளியிட்ட லிப்பர்ட் நிறுவனம் சிக்கனப் படங்களுக்குப் பெயர்பெற்றது. அரங்கினுள் செயற்கைக் காடு அமைத்துப் பழகியவர்களுக்கு, மெய்யான காடும் பழக்கிய யானைகளும் தேர்ந்த தொழிலாளரும் இங்கே ஒருசேரக் கிட்டின.

ஆயினும் இருந்த காடு அவர்களுக்குப் போதவில்லை. யானைக் கூட்டம் மிரண்டோடுவதற்குக் காரணம் தேடிச் செல்லும் கதை, மலைமேல் உயிரோடு உலவும் ‘மாமூத்’ என்னும் சடையானைகளில் போய் முடிகிறது. பனி நிலத்தில் வாழ்ந்து, ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன் முற்றும் அழிந்த அவ்விலங்கு தென்னிந்தியாவில் என்றும் இருந்ததில்லை. நாட்டு யானைகளுக்கே பொய்முடி போர்த்தி அவற்றைக் காட்டினர். இந்திய இளவரசியாகவும் அமெரிக்க நடிகையே தோன்றினார்.

அதே காலத்தில் கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினர் ஜாகீர்தார்களின் பிடியில் வெட்டி வேலை செய்து வாழ்ந்தனர். 1976இல்தான் அம்மலை அரசின் நேரடி ஆளுகைக்குள் வந்தது. சேலத்திற்கு அருகிலேயே நிலவிய இவ்வாழ்க்கை திரைக்கதைக்குத் தேவைப்படவில்லை.

இதனால் சுந்தரத்தின் துணிவு குறைந்துவிடாது. மாவட்டத் தலைநகர் ஒன்றிலிருந்து ஹாலிவுட்டோடு கைகோத்தவர் அவர். 1956இல் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ வாயிலாகத் தமிழ்த் திரைக்கு வண்ணம் தந்தவரும் அவரே. திரைத்தொழிலின் வரலாற்றில் ‘காடு’ ஒரு சாதனை. காட்டின் வரலாற்றிலோ, அது அங்கு வாழ்ந்த மனிதரைக் காணாமலே கடந்துபோன படம்.