பின்தங்கிய அணியின் கணக்கு: கல்லூரிக் கால்பந்து இறுதி ஆட்டத்தில் குவாட்டர்பேக் தேர்வு

2018 ஜனவரி 8 அன்று அட்லாண்டாவில் நடந்த அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து இறுதி ஆட்டத்தில், இடைவேளையின்போது அலபாமா 0–13 என்று ஜார்ஜியாவிடம் பின்தங்கியிருந்தது. தலைமைப் பயிற்சியாளர் நிக் சேபன், இரண்டு பருவங்களாக அணியை நடத்திவந்த குவாட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸை உட்காரவைத்துவிட்டு, முதலாண்டு மாணவர் டுவா டாகோவைலோவாவை இறக்கினார். கூடுதல் நேரத்தில் அலபாமா 26–23 என்று வென்றது. அன்று முதல் அந்த முடிவைத் துணிச்சலின் உச்சம் என்றே எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இருவரில் யார் மேலானவர் என்ற கேள்விக்கு சேபன் அன்று விடை தேடவில்லை. 13 புள்ளி பின்தங்கிய அணிக்கு எந்த வகை ஆட்டக்காரர் தேவை என்பதே அவர் முன்னிருந்த கேள்வி. அதற்கு நிதானமாகக் கணக்குப் போட்டாலே விடை கிடைத்துவிடும்.

அமெரிக்கக் கால்பந்தில் ஒவ்வொரு தாக்குதலும் குவாட்டர்பேக்கின் கையில்தான் தொடங்குகிறது. பந்தை எறிவதா, ஓடுபவரிடம் கொடுப்பதா, தானே சுமந்து ஓடுவதா என்பது பல வேளைகளில் அவர் கண நேரத்தில் எடுக்கும் முடிவு. ஹர்ட்ஸின் பலம் ஓட்டம். அதைவிடப் பெரிய பலம் நிதானம். 2017 பருவம் முழுவதும் அவர் எறிந்த பந்துகளில் ஒன்றே ஒன்றைத்தான் எதிரணி பறித்தது. சந்தேகம் வந்தால் எறியமாட்டார். டாகோவைலோவா நேர் எதிர். நெருக்கடியிலும் தூர எறிவார், பந்தை அதிக நேரம் கையில் வைத்திருப்பார். அதே பருவத்தில் டென்னசியுடன் நடந்த ஆட்டத்தில் அவர் எறிந்த ஒரு பந்தைப் பறித்த எதிரணி வீரர் 97 கெஜம் ஓடி டச்டவுன் போட்டார். 45–7 என்று முடிந்த அந்த ஆட்டத்தில் டென்னசியின் ஒரே டச்டவுன் அதுதான்.

இருவரின் சராசரியும் சமம் என்றே வைத்துக்கொள்வோம். ஹர்ட்ஸின் ஆட்டங்கள் அந்தச் சராசரியை ஒட்டியே அமைகின்றன. டாகோவைலோவாவின் ஆட்டங்கள் இரு பக்கமும் சிதறுகின்றன. முன்னிலையில் இருக்கும் அணிக்குச் சிதறல் ஆபத்து. பின்தங்கிய அணிக்கோ அதுதான் பிழைக்கும் வழி, ஏனென்றால் 13 புள்ளியில் தோற்றாலும் 30 புள்ளியில் தோற்றாலும் கோப்பை கிடைக்கப்போவதில்லை. தேவையான ரன் விகிதம் ஏறிக்கொண்டே போகும்போது தடுத்தாடுபவருக்குப் பதிலாக அடித்தாடுபவரை முன்னால் அனுப்பும் கிரிக்கெட் கேப்டனிடம் நாம் யாரும் விளக்கம் கேட்பதில்லை. அலபாமாவின் நிலையும் அதுதான்: முதல் பாதியில் ஹர்ட்ஸ் 8 முறை எறிந்து 3 முறை சேர்த்து, 21 கெஜம் மட்டுமே எடுத்திருந்தார்.

சிதறல் இரு பக்கமும் வெட்டும் என்பதையும் அந்த இரண்டாம் பாதியே காட்டியது. டாகோவைலோவா மூன்று டச்டவுன் எறிந்தார்; ஒரு பந்தைப் பறிகொடுக்கவும் செய்தார். கூடுதல் நேரத்தில் ஜார்ஜியா ஃபீல்டு கோலால் மூன்று புள்ளி முன்னேறியிருந்தது. அலபாமாவின் முதல் முயற்சியிலேயே டாகோவைலோவா பந்தை விடாமல் பின்னால் பின்னால் போய், 16 கெஜம் இழந்து வீழ்த்தப்பட்டார். 25 கெஜத்தில் இருந்த பந்து 41 கெஜத்துக்குப் போனது. அங்கிருந்து ஃபீல்டு கோல் முயல்வது ஏறக்குறைய வீண். ஹர்ட்ஸாக இருந்தால் பந்தை வெளியே எறிந்து தப்பியிருப்பார் என்றே நினைக்கிறேன். அடுத்த முயற்சியில் டாகோவைலோவா கண்ணை முதலில் இடப்பக்கம் திருப்பவில்லை. பின்வரிசைக் காவலர் அந்தப் பார்வைக்குக் கட்டுப்பட்டு ஓரிரு அடி தாமதித்தார். இடது ஓரமாக ஓடிய டெவான்டா ஸ்மித்தின் கையில் பந்து விழுந்தது: 41 கெஜம், டச்டவுன், கோப்பை. 16 கெஜத்தை இழக்கவைத்த பிடிவாதமும் 41 கெஜத்தை வென்ற பிடிவாதமும் ஒரே குணம்தான். ஒன்றை மட்டும் வாங்க முடியாது.

இன்னொரு காரணத்துக்கு உரிய கவனம் கிடைக்கவில்லை. ஜார்ஜியாவின் பயிற்சியாளர் கர்பி ஸ்மார்ட், சேபனிடமே பல ஆண்டுகள் தற்காப்புப் பயிற்சியாளராக இருந்தவர். அவருடைய திட்டம் ஹர்ட்ஸின் ஓட்டப் பாதைகளை அடைப்பதில் நின்றது. டாகோவைலோவாவோ அந்தப் பருவத்தில் பெரும்பாலும் வெற்றி உறுதியான பிறகே களமிறங்கியவர். எதிரணி படித்துப் பார்க்க அவரைப் பற்றிய காணொளி அதிகம் இல்லை. மாற்று ஆட்டக்காரரைப் பருவம் முழுக்கப் பழக்கி வைத்திருந்ததுதான் சேபனின் உண்மையான முன்யோசனை. அது இல்லாதிருந்தால் இடைவேளை முடிவு வெறும் சூதாட்டமாகியிருக்கும்.

எதிர்ச்சான்று 2012 ஜனவரி 9 அன்று நியூ ஆர்லியன்ஸில் நடந்த இறுதி ஆட்டம். 13 ஆட்டங்களையும் வென்று வந்த எல்.எஸ்.யூ. (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்), அலபாமாவிடம் 0–21 என்று தோற்றது. குவாட்டர்பேக் ஜோர்டன் ஜெஃபர்சன் 53 கெஜம் மட்டுமே எறிந்தார். மொத்தமாக 92 கெஜம் எடுத்த அணி, நடுக்கோட்டைத் தாண்டியது ஒரே ஒரு முறை. மாற்று குவாட்டர்பேக் ஜாரெட் லீ கடைசிவரை இறங்கவே இல்லை. பயிற்சியாளர் லெஸ் மைல்ஸின் தயக்கத்துக்குக் காரணம் இருந்தது: இரண்டு மாதத்துக்கு முன் இதே அலபாமாவிடம் லீ இரண்டு பந்துகளைப் பறிகொடுத்திருந்தார். அந்த ஆட்டம் 9–6 என்று முடிந்த இழுபறி. அங்கே ஒரு பிழைகூட உயிரை வாங்கும். இறுதி ஆட்டம் அப்படிப்பட்டதல்ல. இடைவேளையில் 0–9, தாக்குதலோ அசையவே இல்லை. மைல்ஸ் நவம்பர் ஆட்டத்தின் கணக்கையே ஜனவரியிலும் போட்டுக்கொண்டிருந்தார். லீ இறங்கியிருந்தால் வென்றிருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. அவரை இறக்காமல் இருந்து காத்துக்கொள்ள எதுவும் அங்கே மிச்சமில்லை.

2018 டிசம்பரில் அதே ஜார்ஜியாவுக்கு எதிராக, அதே அட்லாண்டாவில், காயம்பட்ட டாகோவைலோவாவுக்குப் பதிலாக ஹர்ட்ஸ் இறங்கி, 21–28 என்ற நிலையிலிருந்து 35–28 என்று வென்று கொடுத்தார். என் வாதத்துக்கு இது வலுவான மறுப்பாகத் தோன்றலாம். ஆனால் அங்கே பின்னடைவு ஒரே ஒரு டச்டவுன். மீதி நேரம் ஏறக்குறைய ஒரு கால்பகுதி. அவ்வளவு இடைவெளிக்கு நிதானம் போதும். டாகோவைலோவா அன்று ஏற்கெனவே இரண்டு பந்துகளைப் பறிகொடுத்திருந்தார். தவிர, ஜார்ஜியா இம்முறை தயாராகி வந்தது அவருக்காக.

அடுத்த மாதம், 2019 ஜனவரி 7 அன்று, இறுதி ஆட்டத்தில் கிளெம்சன் இடைவேளையில் 31–16 என்று முன்னிலையில் இருந்தது. நிதானக்காரர் ஹர்ட்ஸ் ஓரத்தில் நின்றிருந்தார். அலபாமாவின் நம்பிக்கை டாகோவைலோவா மீதே தொடர்ந்தது. இரண்டாம் பாதியில் அணி ஒரு புள்ளிகூட எடுக்காமல் 16–44 என்று தோற்றது. இங்கே போட்ட கணக்குப்படி சேபனின் அந்த முடிவும் சரியானதே.