சுருட்டும் ஈரமும்

ஆங்கிலத்தில் ‘செரூட்’ என்றொரு சொல் உண்டு. அது நம் ‘சுருட்டு’ என்னும் தமிழ்ச் சொல்லிலிருந்து பிறந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருச்சிராப்பள்ளிச் சுருட்டு கப்பலேறி இங்கிலாந்து சென்றது. ஆர்தர் கோனன் டாயில் எழுதி 1887இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில், கொலைகாரன் புகைத்தது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்பதைத் துப்பறிவாளர் சாம்பலைப் பார்த்தே சொல்லிவிடுகிறார்.

அத்தனை தூரம் போன சுருட்டைக் கெடாமல் வைப்பது எப்படி? புகையிலை, காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். காற்று வறண்டால் தன் ஈரத்தை விட்டுவிடும். ஈரம் குறைந்தால் மேலிலை வெடித்து, மணம் போய்விடும். மிகுந்தால் பூஞ்சணம் பிடிக்கும். காற்றின் ஈரப்பதம் 65 முதல் 70 சதவீதம் வரை இருப்பதே ஏற்றது. குளிர்காலத்தில் கணப்பு மூட்டிய வீடுகளில் காற்று வறளும். ஆகவே அந்நாட்டார் மரப்பெட்டிக்குள் நனைத்த கடற்பஞ்சை வைத்து ஈரமூட்டினார்கள்.

பீடோங்கில் நிலைமை தலைகீழ். இங்கே விடியற்காலையில் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டுவதுண்டு. ஈரம் நின்ற ரப்பர் ஷீட்டில் பூஞ்சணம் படர்வதைத் தோட்டத்து மூத்தவர்கள் அறிவார்கள். அதைத் தடுக்கவும்தான் புகையிட்டு உலர்த்தினார்கள். சுருட்டுக்கும் இங்கே ஈரமூட்ட வேண்டியதில்லை. வெயில் ஏறிய நேரத்தில் தகர டப்பாவில் இட்டு, காற்றுப் புகாமல் மூடினால் போதும். பூஞ்சணம் பிடித்ததை எறிந்துவிட வேண்டும்.

ஆயினும், எவ்வளவு பக்குவமாக வைத்தாலும் புகையின் தீங்கு குறைவதில்லை. சுருட்டு வாய்ப் புற்றுநோய்க்கும் தொண்டைப் புற்றுநோய்க்கும் காரணமாகிறது. உலகுக்கு நாம் தந்த சொல்லைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம். பழக்கத்தைக் கொடுக்க வேண்டாம்.