தன்னாமுனையும் திருவிழாவும்

மட்டக்களப்பு நகரிலிருந்து ஏறாவூர் நோக்கி வடக்கே செல்லும் பெருவழியில், வாவியை அடுத்து அமைந்தது தன்னாமுனை. நீர்ப்பக்கம் நீண்ட நிலத்தை ‘முனை’ என்றல் வழக்கு. மண்முனை என்னும் பெயரும் அத்தகையதே. வரலாற்று நூல்கள் கோட்டைகளைப் பேசுமளவு இத்தகைய சிற்றூர்களைப் பேசுவதில்லை. ஆதலின் ஊரின் விழாவையே ஏடாகக் கொள்ளல் வேண்டும்.

1628இல் போர்த்துக்கேயர் புளியந்தீவிற் கோட்டை எழுப்பினர்; 1638இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். அவர்தம் ஆட்சியிற் கத்தோலிக்கம் தடைசெய்யப்பட்டது. 1687இல் யோசேவாஸ் முனிவர் கூலியாள் வேடத்தில் ஈழம் புகுந்ததும் அதனாலேயே. அத்தடையைக் கடந்து நிலைத்த சமயத்தின் சின்னமாகத் தன்னாமுனையிற் சூசையப்பர் ஆலயம் விளங்குகின்றது.

இத்தகைய ஆலயங்களின் விழா கொடியேற்றத்துடன் தொடங்கும். நவநாள் வழிபாடு நிகழும். சொரூபம் வீதிவலம் வரும். சைவராகிய நம்மிற் சிலர் இதனைப் ‘பிறர் விழா’ என்பர். அது பொருந்தாது. கொடியேற்றம் என்னும் சொல் நம் கோயிலுக்கும் அவர் கோயிலுக்கும் ஒன்றே. கொடிமரமும் வீதியுலாவும் அவ்வாறே. 1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின்னரே பூசை தமிழாயிற்று. அதற்கு முன்னர்ப் பீடத்தில் இலத்தீன் ஒலித்த காலத்தும் மக்கள் பாடி வந்தது தமிழே. வந்த சமயம் ஊரை மாற்றிற்று என்பது பாதி உண்மை. ஊரும் அதனை மாற்றிக்கொண்டது.