ழாக் லாஃபித்: அரசனை ஆக்கிய வணிகர்

அரசர்களின் வரலாற்றைப் படிக்கும் நாம் அவர்களுக்குப் பணம் தந்தவர்களை அடிக்குறிப்பிலேயே சந்திக்கிறோம். பிரான்சின் ழாக் லாஃபித் அவ்வாறு ஒதுக்கப்படக் கூடாதவர்.

1767இல் பயோன் நகரில், பிள்ளைகள் நிறைந்த ஒரு தச்சரின் குடும்பத்தில் பிறந்தார். 1788இல் பாரிசில் பெரகோ என்பவரின் வங்கியில் எழுத்தராகச் சேர்ந்தார். 1804இல் அதன் தலைவரானார். முற்றத்தில் கிடந்த குண்டூசியைக் குனிந்து எடுத்ததைக் கண்டே முதலாளி வேலை தந்தார் என்றொரு கதை உண்டு. கதையின் மெய்மை எப்படியாயினும், சிக்கனமே செல்வத்தின் வேர் என்று நம்ப விரும்பிய ஒரு காலத்தின் மனம் அதில் தெரிகிறது.

அவரது உண்மையான மூலதனம் நம்பகம். 1814 முதல் பிரான்சு வங்கியின் ஆளுநர் பொறுப்பை வகித்தார். பதினெட்டாம் லூயிக்குப் பணம் திரட்டித் தந்தவரும் அவரே. 1815இல் நாட்டை விட்டு நீங்கிய நெப்போலியன், 50 லட்சம் பிராங்குக்குக் குறையாத தொகையை ஒப்படைத்ததும் அவரிடமே. வாட்டர்லூ தோல்விக்குப் பின் படையினரின் சம்பள நிலுவைக்காக அரசு பிரான்சு வங்கியின் பணத்தில் கைவைக்க முனைந்தது. அதைத் தவிர்க்கத் தம் சொந்தப் பணத்தில் 20 லட்சம் பிராங்க் கொடுத்தார். பகைவர் இருவரும் ஒரே பெட்டகத்தை நம்பினர் என்பது வியப்புக்குரியது.

1830 ஜூலைப் புரட்சியின்போது அவரது மாளிகையே கிளர்ச்சியாளரின் பாசறையாயிற்று. ஓர்லியான் கோமகன் லூயி பிலிப்பை அரியணை ஏற்றியதில் அவர் பங்கு பெரிது. இனி வங்கியாளர்களே ஆள்வார்கள் என்று அப்போது அவர் சொன்னதாகக் கார்ல் மார்க்ஸ் எழுதுகிறார். நவம்பரில் லாஃபித் பிரதமரானார். ஆனால் தெருக்கலகங்களை அவரால் அடக்க இயலவில்லை. அயல்நாட்டுக் கொள்கையில் அரசரோ அவரைக் கலந்துகொள்ளவில்லை. 1831 மார்ச்சில் பதவி விலகினார். அவரிடத்தில் அமர்ந்த காசிமிர் பெரியேவும் ஒரு வங்கியாளரே!

புரட்சியைத் தொடர்ந்த பண நெருக்கடியில் அவரது வங்கியும் நொடித்தது. சொத்துகளை விற்றுக் கடன் அடைத்தார். பாரிஸ் மாளிகையை அவருக்கு மீட்டுத் தந்தது பொதுமக்கள் திரட்டிய நிதி. சோர்ந்துவிடாமல், 1837இல் தொழில்களுக்குக் கடன் வழங்கும் நிறுவனமொன்றைத் தொடங்கினார், 1844இல் மறைந்தார்.

தமிழில் 'கடன்' என்னும் சொல் கடமையையும் குறிக்கும், திருப்பித் தர வேண்டியதையும் குறிக்கும். லாஃபித் இரண்டாம் பொருளில் தாம் பட்ட கடனைத் தீர்த்தார். அவரால் முடிசூடிய அரசர் முதற்பொருளில் தம் கடனைச் செய்தாரா? அரசுக்கும் பணத்துக்கும் உள்ள உறவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் எழுப்பிப் பார்க்க வேண்டிய வினா இது.