யாஹூ: முகவரியின் வால் தலையான வரலாறு

யாஹூ நிறுவனம் தன் தளத்தில் நெடுங்காலம் வைத்திருந்த வரலாற்றுக் குறிப்பு, பெயர் பிறந்த கதையை ஓரிரு வாக்கியங்களில் முடித்துவிடுகிறது. 'ஜெர்ரி அண்ட் டேவிட்ஸ் கைடு டு தி வேர்ல்டு வைடு வெப்' என்று தொடங்கிய தளப்பட்டியலுக்கு ஓர் அகராதியின் உதவியால் புதுப்பெயர் கிடைத்தது; அது 'யெட் அனதர் ஹையரார்க்கிக்கல் அஃபிஷியஸ் ஆரக்கிள்' என்பதன் முதலெழுத்துச் சுருக்கம்; ஆனால் முரடன், நயமறியாதவன், நாகரிகமற்றவன் என்று அகராதி தந்த பொருள் பிடித்துப்போனதால்தான் அதைத் தேர்ந்தோம் என்று நிறுவனர் இருவரும் சாதிக்கிறார்கள். குறிப்பு சொல்வது இவ்வளவே. தளத்துக்கு மறக்க முடியாத பெயர் வைப்பது எப்படி என்று வணிக இதழ்களில் வரும் கட்டுரைகளில் பல இன்றளவும் இதையே சொல் மாற்றி எழுதுகின்றன. சிறிய சொல், விசித்திரமான பொருள், துணிச்சலான தேர்வு, உடனே வெற்றி என்பது அவற்றின் வாய்பாடு.

இக்குறிப்பு பொய் என்பது என் வாதம் அன்று. பெயரிடுதலை அது ஒரே பொழுதில் நடந்த ஒரு முடிவாகக் காட்டுவதையே மறுக்கிறேன். கிடைக்கும் தடயங்களை வரிசைப்படுத்தினால், குறைந்தது மூன்று பெயர்கள் ஒரே காலத்தில் ஒரே தளத்தின் மேல் படிந்திருந்ததும், எவரும் தலைப்பாக எண்ணிப் பார்த்திராத ஓர் இடத்திலிருந்து அவற்றுள் ஒன்று மேலேறி வந்ததும் தெரியவருகின்றன.

அம்மூன்றில் முதலாவது, பக்கத்தின் தலைப்பாக நின்ற நீண்ட பெயர். இரண்டாவது, பட்டியல் இருந்த கணினியின் பெயர். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் ஆய்வு மாணவர்களாக இருந்த ஜெர்ரி யாங், டேவிட் ஃபிலோ இருவரும் தங்கள் கணினிகளுக்கு அகெபோனோ, கொனிஷிகி என்று பெயரிட்டிருந்தனர். இரண்டும் ஹவாயில் பிறந்து ஜப்பானில் புகழ்பெற்ற சுமோ மல்லர்களின் களப்பெயர்கள். 1993 ஜனவரியில்தான் அகெபோனோ, வெளிநாட்டில் பிறந்தவர்களுள் முதல்வராக யோகோசுனா என்னும் உச்சப் பட்டத்தை எட்டியிருந்தார். மூன்றாவது பெயர், அகெபோனோ கணினிக்குள் பட்டியல் கிடந்த கோப்புறையின் பெயர். யாஹூ என்பது அதுதான்.

நான் நின்று பார்க்க விரும்புவது அன்றைய முகவரியை. அது இரண்டு வடிவங்களில் கிடைக்கிறது. அகெபோனோ.ஸ்டான்ஃபோர்டு.எடு, அதன்பின் ஒரு சாய்கோடு, அதன்பின் யாஹூ என்பது ஒன்று. 1995ஐ ஒட்டி அச்சான இணைய வழிகாட்டிகளில் பரவலாகக் காணப்படுவது இவ்வடிவமே. சாய்கோட்டுக்கும் யாஹூவுக்கும் நடுவே டில்டே எனப்படும் அலைக்குறி நிற்பது மற்றொன்று. பிற்கால வரலாற்றுக் குறிப்புகள் தருவது இதை.

ஓர் அலைக்குறிக்கு இவ்வளவு ஆரவாரமா என்று கேட்கலாம். ஏட்டில் புள்ளியிடாத மெய்யை எப்படிப் படிப்பது என்று வழக்காடிய பதிப்பாசிரியர்களின் மரபில் வந்தவர்கள் கேட்கமாட்டார்கள். யூனிக்ஸ் கணினியில் இயங்கிய வலைத்தளங்களில் அலைக்குறிக்குத் திட்டமான பொருள் உண்டு. அதற்குப்பின் வருவது ஒரு பயனர் கணக்கின் பெயர். ஆக, குறியோடு கூடிய வடிவம் மெய்யானால் அந்தக் கணினியில் யாஹூ என்ற பெயரில் ஒரு கணக்கே திறக்கப்பட்டிருந்தது என்றாகும். அன்றைய யூனிக்ஸ் மரபில் கணக்குப் பெயர் எட்டெழுத்துக்கு மிகாது. சிறிய எழுத்துகளில்தான் வழங்கும். நடுவே இடைவெளி கூடாது. 'ஜெர்ரி அண்ட் டேவிட்ஸ் கைடு' என்ற சொற்றொடர் அந்தப் பெட்டிக்குள் நுழையவே முடியாது. கேட்டவர் மனத்தில் நிற்கவேண்டும் என்ற எண்ணம் எதுவும் இல்லாமலே, இயந்திரத்தின் குறுகிய வாசல் ஒரு சின்னப் பெயரைக் கேட்டு வாங்கியது என்று சொல்ல அப்போது இடமிருக்கிறது.

இந்த வாதத்தின் பலவீனம் எனக்குத் தெரியாமலில்லை. காலத்தால் முந்திய அச்சுச் சான்று குறியில்லாத வடிவத்துக்கே சாதகம். மாணவர் பக்கங்களின் முகவரியில் அலைக்குறி வருவது வழக்கம் என்பதால், பின்னால் வந்தவர்கள் தாமாகவே அதைச் சேர்த்துத் 'திருத்தி'யிருக்கலாம். ஆயினும் மறுபக்கம் சிந்திக்க வேண்டும். அச்சுக்கோப்பவருக்கும் தொலைபேசியில் முகவரி சொல்பவருக்கும் எளிதில் கைவிடத்தக்க குறி அலைக்குறியே. அதைவிட முக்கியமாக, இரு வடிவங்களும் ஒரே இடத்துக்கு இட்டுச்செல்லுமாறு கணினியை அமைப்பது எளிது. எனவே ஒன்றை மெய்யென்றும் மற்றதைப் பிழையென்றும் தள்ளாமல், கணக்காகத் தொடங்கிய பெயர் பின்னர் பொதுக் கோப்புறையாயிற்று என்று கொள்வதே பொருந்தும் என்பது என் துணிபு. துணிபு என்று சொல்வதற்குமேல் சொல்லத் துணியவில்லை.

எவ்வடிவத்தைக் கொண்டாலும் ஒன்று மாறாது. அந்த முகவரியைத் தட்டச்சு செய்த எவரும் ஜெர்ரியின் பெயரையோ டேவிட்டின் பெயரையோ தட்டவில்லை; அகெபோனோ என்றும் யாஹூ என்றும் தட்டினார்கள். தலைப்பைக் கண் படித்தது, முகவரியைக் கை பழகியது. 1995 ஜனவரி 18 அன்று தனி டொமைன் பதிவானபோது பல்கலைக்கழகத்தின் பெயரும் மல்லரின் பெயரும் உதிர்ந்தன. முகவரியின் கடைசியில் இருந்த துண்டு முன்னே வந்து நின்றது.

இனி முதலெழுத்து விரிவுக்கு வருவோம். அதற்கும் பாடவேறுபாடு உண்டு. 'ஹையரார்க்கிக்கல் அஃபிஷியஸ் ஆரக்கிள்' என்பது நிறுவனக் குறிப்பின் பாடம். 'ஹையரார்க்கிக்கலி ஆர்கனைஸ்டு ஆரக்கிள்' என்றும் ஒரு பாடம் பரவலாக வழங்குகிறது. இரண்டாவதில் படிநிலையாக அடுக்கப்பட்ட அறிவுக்களஞ்சியம் என்ற பொருள் தடையின்றி ஓடுகிறது. முதலாவதோ இடறுகிறது, அஃபிஷியஸ் என்றால் அழையாமல் வந்து அதிகாரம் பண்ணுகிற அதிகப்பிரசங்கி. அலுவலகத்தில் இருந்தபடி பட்டியலைப் பயன்படுத்துவோரைக் குறிக்க அச்சொல்லைப் போட்டதாக ஒரு விளக்கமும் உண்டு. உரையாசிரியர்கள் இடர்ப்பட்ட இடத்தில் கொள்ளும் வலிந்த பொருளுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. பொருள் முட்டும் பாடமே பழையது, வழுவழுப்பானது திருத்தம் என்ற பதிப்பு நெறிப்படி அஃபிஷியஸே மூலம் எனலாம்.

ஆனால் எனக்கு வேண்டியது அதுவன்று. இரு பாடங்களிலும் அசையாமல் நிற்பவை 'யெட் அனதர்' என்ற முதலிரு சொற்கள், ஆடுவது நடுப்பகுதி. 'இன்னுமொரு' என்று தன்னைத்தானே கிண்டல் செய்துகொண்டு மென்பொருளுக்குப் பெயரிடுவது யூனிக்ஸ் உலகில் 1970களிலிருந்தே இருந்த பழக்கம். பெல் ஆய்வகத்தில் ஸ்டீஃபன் ஜான்சன் எழுதிய யாக் என்ற நிரலின் பெயர் 'யெட் அனதர் கம்பைலர் கம்பைலர்' என்பதன் சுருக்கமே. மாணவர் இருவரும் அந்த மரபைப் பின்பற்றி 'யா' என்று தொடங்கும் சொல்லைத் தேடியிருந்தால் அகராதி எதற்குத் தேவைப்பட்டது என்பது விளங்கிவிடுகிறது. சொல் கிடைத்தபின் மிஞ்சிய மூன்று ஆங்கில எழுத்துகளுக்கு ஏதோ சொற்களை இட்டு நிரப்பினார்கள். நிரப்பியது ஒட்டாததால் ஆளுக்கொரு விதமாக மாறிற்று. நிறுவனக் குறிப்பு சுருக்கத்தையும் அகராதிப் பொருளையும் எதிரெதிராக நிறுத்தி, 'ஆனால்' போட்டு இரண்டாவதை வெல்ல வைக்கிறது. இரண்டும் எதிரிகளே அல்ல; ஒரு தேடலின் முன்பாதியும் பின்பாதியும்.

பெயர் முதலில், விரிவு பிறகு என்ற வரிசை அக்காலத்தில் புதிதும் அன்று. 1990இல் மெக்கில் பல்கலைக்கழகத்தில் உருவான ஆர்ச்சி, 'ஆர்க்கைவ்' என்ற சொல்லில் ஓரெழுத்தைக் குறைத்துப் பெற்ற பெயர். ஆனால் கேட்டவர்களுக்குப் படக்கதை நாயகன் ஆர்ச்சியே நினைவுக்கு வந்தான். 1992இல் வந்த தேடுகருவிக்கு அவன் தோழி வெரோனிகாவின் பெயரும், 1993இல் வந்ததற்கு நண்பன் ஜக்ஹெட்டின் பெயரும் வைத்து, ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு சொல்லைச் சிரமப்பட்டுக் கோத்தார்கள். யாஹூவின் விரிவை இந்த வரிசையில் வைத்துப் பார்க்காமல் தனி மேதைமையாகப் பார்ப்பதுதான் கோளாறு.

எப்போது மாறியது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. 1994 மார்ச் என்பாரும் ஏப்ரல் என்பாரும் உளர்; நிறுவனக் குறிப்பு தேதியே சொல்லாமல் நழுவுகிறது. ஒரு தேதியைத் தேடுவதே பிழை என்பேன். கோப்புறைக்கு இட்ட நாள், தலைப்பில் ஏறிய நாள், டொமைனாகப் பதிந்த நாள் என மூன்று உண்டு. நாள் திட்டமாகத் தெரிவது கடைசி ஒன்றுக்கே.

பெயரின் பின்னால் ஒட்டிய ஆச்சரியக்குறிக்கும் தேர்வைவிடச் சட்டமே காரணம் என்று தெரிகிறது. யாஹூ என்ற வணிகக்குறி அப்போதே பார்பெக்யூ சாஸுக்கும், கத்திகளுக்கும், மனித விசையால் ஓடும் படகுகளுக்கும் பிறரால் பதிவு செய்யப்பட்டிருந்தது. குறி சேர்ந்தபின் சொல்லின் உச்சரிப்பே மாறிற்று. ஜொனாதன் ஸ்விஃப்ட் 1726இல் தன் கதையில் படைத்த அருவருப்பான மனித விலங்கின் பெயர், 1996இல் தொலைக்காட்சி விளம்பரத்தில் குதூகலக் கூவலாக ஒலித்தது. இந்தியச் செவிகளுக்கு அந்தக் கூவல் பழையது. 1961இல் ஷம்மி கபூர் பனிமலையில் அப்படித்தான் கூவினார், படத்தின் பெயரும் 'ஜங்கிலி', அதாவது காட்டுமிராண்டி! இதற்கும் ஸ்டான்ஃபோர்டுக்கும் தொடர்பு ஏதுமில்லை. வெறும் தற்செயல்தான், ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

என் வாசிப்புக்கு வலுவான துணைச்சான்று யாஹூவின் போட்டியாளரிடமிருந்து கிடைக்கிறது. 1998இல் தொண்டர்கள் தொகுக்கும் தளப்பட்டியல் ஒன்று க்னூஹூ என்ற பெயரில் தொடங்கியது. முன்பாதிக்குக் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தார் எதிர்ப்புத் தெரிவிக்க நியூஹூ ஆனது. பின்பாதிக்கு யாஹூவே மறுப்புத் தெரிவித்தது. அதே ஆண்டு நெட்ஸ்கேப் அதை வாங்கி 'ஓப்பன் டைரக்டரி பிராஜெக்ட்' என்று முறைப்படி பெயரிட்டது. அந்த முறையான பெயரை யார் வழங்கினார்கள்? தளம் இருந்த முகவரி டைரக்டரி.மொசில்லா.ஆர்க், அதைச் சுருக்கி டிமாஸ் என்றார்கள். 2017 மார்ச்சில் மூடப்பட்டபோதும் டிமாஸ் மூடப்பட்டது என்றே செய்தி வந்தது. இங்கும் தலைப்பு தோற்று முகவரி வென்றிருக்கிறது. இம்முறை காலமும் வரிசையும் ஐயமறத் தெரிகின்றன.

யாஹூவைப் பொறுத்தவரை அத்தகைய தெளிவு கிடைக்க வேண்டுமானால் அலைக்குறியின் வழக்குத் தீரவேண்டும். இணைய ஆவணக் காப்பகம் தொடங்கப்பட்டதே 1996இல். அகெபோனோ கணினியில் இருந்த பக்கங்கள் அதற்கு முந்தியவை. 1994இன் யூஸ்நெட் செய்திக்குழு மடல்களில் தேதியோடு கூடிய முகவரிகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒப்புநோக்குவதே எஞ்சியுள்ள வழி. அவற்றுள் ஏப்ரலுக்கு முந்திய ஒரு மடலில் அலைக்குறியோடு யாஹூ கிடைத்தால் என் துணிபு நிற்கும். நீண்ட தலைப்பு மட்டும் வேறொரு கோப்புறையோடு கிடைத்தால் நிறுவனக் குறிப்புக்கே வெற்றி.